யாருடைய ஃபோனோ, அவர் வரட்டும்

உப்பளத்திலிருந்து வந்த அம்மா, தலைச் சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "ஃபோன் சரிபண்ற புஷ்பம் போயிட்டாளாம்டி. மஞ்சக்காமாலை முத்திருச்சாம். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயும் காப்பாத்த ஏலல."

நான் அழவில்லை. அழுதால், கடைக்காரிக்காக ஏன் அழுகிறாய் என்று அண்ணன் கேட்பான். அதனால் எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன். சாயல்குடியில் புஷ்பம் அக்காவிடம் ஃபோனைக் கொடுத்து வாங்கியவர்களே, இது உங்களுக்குத்தான்.

நம் ஊர் ஃபோன்களுக்கு உப்புக் காற்று ஆகாது. சார்ஜ் போடும் இடம் துருப்பிடித்துவிடும். போன வருஷம் அம்மாவின் ஃபோனை நான்தான் கொண்டுபோனேன். மற்ற கடைகளில் பூட்டு எண்ணைக் கேட்டுச் சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்வார்கள். அக்கா துருவைச் சுரண்டி முடித்துவிட்டு, "நீயே திறந்து பாத்துக்க" என்று என்னிடம் நீட்டினார். உடனே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"நீங்க பாத்தா என்னக்கா?"

"பாத்தா மனசுலயே நிக்கும்டி. பெறகு ஒங்கம்மாவ மார்க்கெட்டுல பாக்கையில அதுதான் ஞாபகம் வரும்."

அரையாண்டு விடுமுறையில் அண்ணன் என் ஃபோனைப் பிடுங்கினான். பூட்டு எண்ணைக் கேட்டான்; நான் சொல்லவில்லை. நேராக அக்கா கடைக்குப் போனான். நான் பின்னாலேயே ஓடினேன். அதில் இருந்ததை அவன் பார்த்திருந்தால் மறுநாளே என் படிப்பு நின்றிருக்கும்.

"தங்கச்சி ஃபோனுக்கா. நம்பர மறந்துட்டா. திறந்து குடுங்க."

"யாரு ஃபோனோ அவுக வந்து கேக்கட்டும். அந்தா வாசல்ல நிக்கிறாளே! ஏம்மா, திறக்கவா?"

வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

"அவள ஏன் கேக்குறீக? நான் அவ அண்ணன்."

"அண்ணன்னா அவகூடப் பொறந்தே. ஃபோனுக்குள்ளயா பொறந்தே?"

கடையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணனின் முகம் கறுத்தது. "ரொம்பச் சட்டம் பேசுறீக."

"சட்டந்தாம்லே. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு டெல்லி சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு."

"அது சர்க்காருக்குச் சொன்னது."

"சர்க்காரே சட்டத்தக் காட்டாமப் பாக்கக் கூடாதுன்னா, நீ யாருலே?"

ஃபோனை அவனைத் தாண்டி என் கையில் வைத்தார். அதற்குப் பிறகு அண்ணனின் கூட்டாளிகள் யாரும் அந்தக் கடைக்குப் போகவில்லை. அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. என் ஃபோனில் என்ன இருந்தது என்று அவர் என்னிடம் கேட்கவே இல்லை. பிறகு இரண்டு முறை தனியாகப் போனேன். அப்போதும் கேட்கவில்லை. நான் நல்ல பிள்ளையா, தப்புச் செய்தவளா என்று எதுவும் தெரியாமல் ஒருவர் எனக்காக நின்றிருக்கிறார். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. அப்படி ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இன்று சாயந்தரம் அண்ணன் மறுபடி கையை நீட்டினான். "இப்ப எந்த அக்கா வருவா? குடு. அப்படி என்னதான் இருக்கு அதுல?"

எப்போதும் "ஒண்ணுமில்ல" என்றுதான் சொல்லியிருக்கிறேன். இன்று அந்தப் பொய் வரவில்லை.

"என்னோடது இருக்கு. குடுக்க மாட்டேன்."

அவன் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டுப் போனான். அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது இந்தப் பதில் ஒன்றுதான். நாளைக்கும் அவன் கேட்பான். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நாளைக்கும் இதையேதான் சொல்வேன்.