மாங்கா படிக்க வந்தவர்

முடிவெட்டுகிறவருக்குத் தெருவில் ‘ரேடியோ’ என்று பெயர். கத்தரிக்கோல் நின்றாலும் வாய் நிற்காது.

வீடு காலி செய்து போன வாடிக்கையாளர் ஒருவர் அவர் கடையில் ஒரு பெட்டி நிறைய ‘மாங்கா’ என்னும் ஜப்பானியப் படக்கதைகளை விட்டுப் போனார். குடை தைக்கும் ஒரு பெண்ணிடம் மழைக்கு ஒதுங்க வரும் ஆவிகளின் கதை, பாகம் பாகமாக. “ஒரு பெட்டி மாங்கா வந்திருக்கு” என்று போனில் சொன்னதை நம்பி, மனைவி கத்தியும் தட்டும் எடுத்து வைத்துக் காத்திருந்தாள்.

சில நாளில், காலியாக இருந்த ஓர நாற்காலியில் கிடந்த புத்தகத்தின் பக்கங்கள் தானாகத் திரும்பின. ஃபேனை நிறுத்தினார். அப்போதும் திரும்பின. எதிரே கண்ணாடியில் பார்த்தால், ஒருவர் மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

ரேடியோ வாசல் பக்கம் பின்வாங்கினார். வாய் மட்டும் பழக்கதோஷத்தில், “அடுத்து நீங்கதானே சார்?” என்றது.

அவர் தன் முழு வழுக்கையைத் தடவிக் காட்டிவிட்டு மறுபடி படிப்பில் இறங்கினார்.

பயம் அத்தோடு போயிற்று. குறுக்கே பேசாமல், தூங்கி வழியாமல் தன் பேச்சைக் கேட்க ஓர் ஆள் கிடைத்ததில் ரேடியோவுக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவர் ஒரு பாகம் முடித்ததும் ரேடியோவே அடுத்ததை எடுத்து வைப்பார்.

எட்டாம் பாகத்தைக் காணவில்லை. கண்ணாடியில் அந்த மனிதர் பெட்டியைத் துழாவிவிட்டுத் தொங்கிய முகத்தோடு நின்றார். மறுநாள் அவரையே காணோம். ரேடியோவுக்குப் பேச்சு ஓடவில்லை. உடம்புக்கு என்ன என்று வந்தவர்களெல்லாம் விசாரித்தார்கள்.

மாலையில் மச்சினன் போன் செய்தான். அக்காவோடு ஏதோ அற்பச் சண்டையில் முறுக்கிக்கொண்டு, வீட்டுப் பக்கமே வராமல் கடைக்கு மட்டும் வந்து போகிறவன்.

“மாமா, கடைக்கு ஆவி வருதுன்னு நீங்க சொன்னப்ப சிரிச்சேன். இப்ப இங்க யாரோ என் தோளைத் தட்டறாங்க.”

“எட்டாம் பாகத்தை நீ தூக்கிட்டுப் போனியா?”

“படிச்சிட்டுத் தரலாம்னு…”

ரேடியோ அவன் வீட்டுக்கு ஓடினார். மச்சினன் சோபாவில் ஒரு ஓரமாக ஒடுங்கியிருந்தான். பக்கத்து மெத்தை ஆள் உட்கார்ந்த மாதிரி அமுங்கியிருந்தது.

“புத்தகத்தைக் குடு, அவரு வந்துடுவாரு.”

“கடைசி அத்தியாயம் பாக்கி மாமா. அவசரப்பட்டுத் திருப்பினாத்தான் தட்டறார். மெதுவா படிக்கிறவர் போல.”

அந்த அத்தியாயத்தில் ஓர் ஆவி, தான் கோபித்துக்கொண்டு பிரிந்த அண்ணனுக்காக ஒரு குடையைத் தைத்து வாங்கிப் போகிறது. மச்சினன் மூக்கை உறிஞ்சினான். பக்கத்து மெத்தையில் சொட்டுச் சொட்டாக ஈரம் படிந்தது. அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்த ரேடியோ முதல் ஏழு பாகங்களையும் படித்ததே இல்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“ஒன்பதாவது இருக்கா மாமா?”

“கடையில இருக்கு. படிச்சிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போ.”

“அக்கா திட்டுவா.”

“திட்டுவாதான்.”

வந்தான். அக்கா திட்டினாள். திட்டிக்கொண்டே இரண்டாம் தடவையும் பரிமாறினாள்.

இப்போது விடுமுறை நாட்களில் அவன் கடையில் ஓர நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புத்தகத்தை நடுவில் பிடித்துக்கொள்கிறான். ஒருநாள் ரேடியோ, குடைக்காரிக்கு அடுத்து என்ன ஆகும் என்று ஊகம் சொல்ல ஆரம்பித்தார்.

“கொஞ்சம் சும்மா இருங்க மாமா,” என்றான் மச்சினன்.

கண்ணாடியில் வழுக்கைத் தலை ஆமாம் என்று ஆடியது.