அருளுக்காக நான் முகர்ந்த ஐந்து கோப்பைகள்

2007 மார்ச்சில் குவைத்தின் அப்பாசியாவிலிருந்து இரண்டு நாள் லீவு போட்டு, ஐக்கிய அரபு அமீரகத்தில் இருக்கும் ராஸ் அல் கைமா போய்வந்தேன். கலிஃபோர்னியாவில் பயிராகும் இத்தாலியத் திராட்சைகளின் வைனைச் சுவைக்கப் போகிறேன் என்று சொன்னபோது, என் ரூமில் இருக்கும் மற்ற நர்ஸுகள் நம்பவில்லை. குவைத்தில் மது கிடையாது. வைன் என்றால் அதுவரை எனக்கு மாதா கோயில் பூசையில் சாமியார் அருந்துவது மட்டும்தான். கூப்பிட்டது என் தம்பி அருள். அங்கே ஒரு கடற்கரை ஹோட்டலின் உணவகத்தில் வைன் பரிமாறிக்கொண்டிருந்தான். கட்டாயம் வர வேண்டும் என்று திரும்பத் திரும்பப் போன் செய்தான். காரணம் மட்டும் சொல்லவில்லை.

என் இக்காமாவில், அதாவது குவைத் குடியிருப்பு அட்டையில், தொழில் நர்ஸ் என்று இருந்ததால் துபாய் விமான நிலையத்திலேயே விசா கிடைத்தது. எல்லாத் தொழிலுக்கும் கொடுப்பதில்லை, முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். துபாயின் தேரா பகுதியிலிருந்து ஷேர் டாக்சியில் ஒரு சீட்டுக்கு இருபது திர்ஹம். ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஓட்டுநர் பெஷாவர்க்காரர். வெள்ளிக்கிழமை என்பதால் சிமெண்ட் லாரிகள் குறைவு என்று சொல்லி, ஒன்றேகால் மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டார்.

அருளின் ரூம் கதவைத் திறந்ததும் கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. உடன் தங்கியவர்கள் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். அவன் சிரித்த முகமாக, தேயிலை போடுகிறேன் என்று லைட்டரைக் கையில் எடுத்தான். பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, அவனை வராந்தாவுக்கு இழுத்து வந்து, கேஸ் நாறவில்லையா என்று கேட்டேன்.

"எனக்க மூக்கு போச்சுக்கா" என்றான்.

ஆறு மாதத்துக்கு முன் ஹோட்டல் ஊழியர்களின் பஸ் லாரியில் மோதியதும், அவனுக்குப் பின்மண்டையில் தையல் போட்டதும் எனக்குத் தெரியும். காயம் ஆறிவிட்டது, மணம் அறியும் உணர்வு மட்டும் திரும்பவில்லை. குளச்சலில் இருக்கும் மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை. பாட்டில்களின் பெயரை வைத்தும், பழைய ஞாபகத்தை வைத்தும் உணவகத்தில் சமாளித்து வந்திருக்கிறான். அன்று மாலை விருந்தினர்களுக்கு வைன் சுவைக்கும் நிகழ்ச்சி. ஹோட்டலில் திறக்கப்போகும் புதிய உணவகத்தின் வைன் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று மேனேஜர் அதில் பார்த்து முடிவு செய்வார். அவன் பரிமாறும் மேசையில் நான் உட்கார வேண்டும். ஒவ்வொரு பாட்டிலையும் திறந்து முதலில் எனக்கு ஊற்றுவான், மணப்பதை நான் தமிழில் மெதுவாகச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் என்னை வரவழைத்திருந்தான்.

எனக்கு இது பிடிக்கவில்லை. மணம் இனிமேல் திரும்பி வருமா என்று அவன் கேட்டான். தலையில் அடிபட்டு இத்தனை மாதம் வராவிட்டால் வாய்ப்பு குறைவு என்பதை மறைக்காமல் சொன்னேன். தெருவைப் பார்த்தபடி வராந்தாச் சுவரில் சாய்ந்தான். அந்த முகத்தைப் பார்த்து, நிகழ்ச்சிக்கு வரமாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

நிகழ்ச்சி நான்கு மணிக்கு, கடலைப் பார்த்த கண்ணாடி அறையில். ஆளுக்கு 120 திர்ஹம். ஐந்து வைன், சீஸ், ஆலிவ். வைன்களோடு கலிஃபோர்னியாவிலிருந்து வந்திருந்த நரைத்த தலைமுடிப் பெண்மணி, இத்தாலிக்கு வெளியே பலர் அறியாத திராட்சைகள் இவை என்றார். ஆர்னெயிஸ் வெள்ளை வைன், பேரிக்காய் மணம். வெர்மெந்தீனோவில் எலுமிச்சைத் தோலும் லேசான உப்பும். டோல்செட்டோவின் பெயரில்தான் இனிப்பு, விழுங்கியபின் பாதாம் கசப்பு நிற்கிறது. நான் முணுமுணுத்ததையெல்லாம் அருள் அழகான ஆங்கிலத்தில் மேசைக்குச் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் தலை நிமிரவில்லை.

நான்காவது பர்பெரா. கோப்பையை மூக்கருகே கொண்டுபோனேன். வைன் இப்படித்தான் இருக்குமோ என்று தயங்கினேன்.

"என்ன மணக்கு?" என்றான் அருள்.

"நனைஞ்ச அட்டைப்பெட்டி. மழையில கெடந்த சாக்கு மாதிரி."

அவன் கை அப்படியே நின்றது. மன்னிப்புக் கேட்டு என் கோப்பையை எடுத்து, தானே முகர்ந்து கண்டுபிடித்ததுபோலக் காட்டினான். அந்தப் பாட்டிலிலிருந்து வேறு யாருக்கும் ஊற்றவில்லை. கலிஃபோர்னியாப் பெண்மணி கோப்பையை வாங்கி முகர்ந்துவிட்டு, தக்கையால் கெட்டுப்போன பாட்டில் என்றார். புதிய பாட்டிலில் நாவற்பழ வாசனையும் நல்ல புளிப்பும் இருந்தன. கடைசியாக வந்த அல்யானிக்கோ கடுந்தேயிலைபோல வாயை உலர வைத்தது.

விருந்தினர்கள் போனதும் அந்தப் பெண்மணி மேனேஜரிடம் அருளின் மூக்கைப் பாராட்டினார். மேனேஜர் கோவாக்காரர். புதிய உணவகத்தின் பொறுப்பு உனக்குத்தான் என்று அருளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அருள் என்னைப் பார்த்தான். நான் கடல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அது அவன் எடுக்க வேண்டிய முடிவு.

அவன் மேனேஜர் பக்கம் திரும்பி, இந்தியில் நிதானமாக, "சார், அந்த மூக்கு எனக்க அக்காவோடது. எனக்கு ஆறு மாசமா ஒரு மணமும் தெரியாது" என்ற பொருளில் சொன்னான். மேனேஜர் அந்தப் பொறுப்பைத் தர முடியாது, வைன் மேசைகளிலும் இனி விட முடியாது என்றார். வேலையை விட்டு அனுப்பவில்லை. காலை உணவுப் பகுதிக்கு மாற்றினார். அங்கே டிப்ஸ் குறைவு. வெளியே வந்து அருள் மனைவிக்குப் போன் செய்தான். நான் கடற்கரைச் சுவரோரம் தள்ளி நின்றேன். பாதிப் பேச்சில் அவன் அழுதது தெரிந்தது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வெறும் வயிற்றில் போகாதீர்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் அங்கே சிறைதான், டாக்சிக்குச் சொல்லி வையுங்கள். எவ்வளவு பிடித்திருந்தாலும் பாட்டிலைக் குவைத்துக்கோ சவூதிக்கோ கொண்டுபோக நினைக்காதீர்கள். ஒன்று மட்டும் சுவைப்பதென்றால் பர்பெராவைக் கேளுங்கள், நம் மீன் குழம்போடும் சேரும். கலிஃபோர்னியா வெயில் அதன் புளிப்பைக் கெடுக்கவில்லை. உடன் இருப்பவர்கள் அலங்காரமாகப் பேசினாலும், உங்களுக்கு மணப்பதை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்.

அருளுக்கு இன்றுவரை மணம் திரும்பவில்லை. அந்த ஹோட்டலில்தான் இருக்கிறான். அந்த நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை டாக்சி நிலையத்தில் என் பையை டிக்கியில் வைத்துவிட்டுச் சொன்னான்: "ராத்திரி நல்லா உறங்கினேன்க்கா."