ஆகாயத்தாமரை கேஸ்

மாமாவிடம் நான் சொல்லாமலே விட்டுவிட்ட ஒன்று உண்டு. அவர் இல்லாத இந்த வயதிலாவது அதை எழுதிவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் சிட்லபாக்கத்தில் மாமா வீட்டில் தங்கிப் படித்தேன். மாமா மறைமலை நகரில் ஃபிட்டர். அத்தைக்கு மூச்சிரைப்பு, மண்ணெண்ணெய்ப் புகை ஆகாது. கேஸுக்குப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். "அவங்க குடுக்கறப்போ குடுக்கட்டும், நாமளே பண்ணிக்கலாம்" என்று மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏரியில் இறங்கி, மூட்டை மூட்டையாக ஆகாயத்தாமரையை வாரி வந்தார்.

அதை நறுக்கி, சாணத்தோடு கரைத்து, தார் டிரம்மில் அடைத்து மூடினார். உள்ளே அழுகி உண்டாகும் வாயு ரப்பர் குழாய் வழியாகப் பழைய லாரி டியூபில் சேர வேண்டும். சேர்ந்தது. நாற்றம் தெருமுனை வரை போனது. பள்ளிக்கூடத்தில், "டேய், சாணி கேஸ் வந்துகினு கீறான், மூக்க மூடிக்கங்கடா" என்பார்கள்.

டியூப் உப்பியதும் மாமா அக்கம்பக்கத்தாரை அழைத்து அடுப்பில் தீக்குச்சியைக் காட்டினார். குச்சி அணைந்தது. இன்னொன்றும் அணைந்தது. எதிர்வீட்டுக்காரர், "சார், இது தீயணைக்கத்தான் யூஸ் ஆவும். ஃபயர் சர்வீஸ்ல கேட்டுப் பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை உள்ளே போய்த் திரி ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். இருமல் வாசல் வரை கேட்டது.

இன்னும் சேர்ந்தால் எரியும் என்று மாமா அதே வாயுவைப் பொத்திப் பாதுகாத்தார். எனக்கோ மானம் போயிற்று. அவர் வேலைக்குப் போன பின், பென்சில் சீவும் பாதி பிளேடால் குழாயை அறுத்தேன். டியூப் புஸ்ஸென்று சுருங்கியது. அத்தையின் காலடிச் சத்தம் கேட்டு, பிளேடைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். எனக்குச் சோறு போட்டவர்களின் அடுப்பு அது என்பது அப்போது தோன்றவில்லை.

மாலையில் மாமா அறுந்த இடத்தை வெகுநேரம் பார்த்தார். "எலி கடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு வேறு குழாய் மாட்டினார்.

மறுநாள் என் பென்சில் டப்பாவில் பிளேடு இருந்தது. துடைத்து, கையை அறுக்காதபடி காகிதத்தில் மடித்திருந்தது. அத்தை புதிதாக வாங்கி வைத்திருப்பார் என்று எண்ணிக்கொண்டேன்.

மறுபடி டியூப் நிறைந்தபோது மாமா யாரையும் அழைக்கவில்லை. குச்சியைக் காட்டியதும் குப்பென்று நீலமாகப் பற்றியது. முதலில் வரும் வாயு எரியாது, அதை வெளியே விட்டுவிட வேண்டும் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

"இல்லன்னா நான் பழசையே கட்டிட்டு அழுதிருப்பேன். மொத காபி எலிக்குத்தான்" என்று சிரித்தபடி டம்ளரை என்னிடம் நீட்டினார். அத்தையும் இருமாமல் சிரித்தார்.

மாமா எலியை நம்பிவிட்டார் என்ற நிம்மதியில், நான் மிச்சம் வைக்காமல் குடித்தேன்.