குரல் வரிசையில் நின்றவர்கள்

அந்த மருத்துவமனையில் அவரை லைன் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டெலிபோன் போர்டில் பத்து வருடம் உட்கார்ந்தவர். போர்டை எடுத்துவிட்டு வைஃபை வந்தபோது, அதைப் பொருத்த வந்த ஆட்களைப் பார்த்துப் பார்த்தே அந்த வேலையையும் கற்றுக்கொண்டார். ஒட்டுக்கேட்கிறவர் என்று போர்டு காலத்திலேயே ஒரு பேச்சு. இன்றைக்கும் அவர் லிஃப்டில் ஏறினால் நர்சுகள் வாயை மூடிக்கொள்வார்கள். அக்காவும் சளைத்தவரில்லை. யாராவது சிக்னல் இல்லை என்றால், முதலில் சொன்னவரைத்தான் சந்தேகப்படுவார்.

வைஃபை வழியாகக் காற்றில் போகிறதையெல்லாம், எது முந்திப் போக வேண்டும் என்று அவர் நான்கு வரிசையாகப் பிரித்திருந்தார். நர்சுகளின் கைபோனில் வரும் குரலுக்கு முதல் வரிசை. அடுத்தது வீடியோ. பிறகு கணினி வேலைகள். ஸ்கேன் படங்களைப் பிரதி எடுத்து வைப்பது கடைசி. படம் பத்து நிமிடம் தாமதித்தாலும் படம்தான், பேச்சு அரை நொடி தாமதித்தால் பேச்சே இல்லை என்பார்.

மூன்றாம் மாடி நர்ஸ் ஒருத்தியை டாக்டர் போனில் கூப்பிட்டும் அவள் வரவில்லை என்று புகார். காலை பத்தேகால் மணிக்கு நடந்தது. நோயாளி பிழைத்துக்கொண்டார். ஆனால் அவள் ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும். மறுநாள் நாலு மணிக்கு விசாரணை. குரல் துண்டுதுண்டாக வந்து அறுந்துவிட்டது என்று அவள் சொன்னதை மேட்ரன் நம்பவில்லை. அக்காவும் நம்பவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தபோது சிக்னல் முழுசாக இருந்தது.

"இப்ப இருக்கும்க்கா. பத்து மணிக்கு வந்து நில்லுங்க" என்றாள் நர்ஸ்.

மறுநாள் பத்து மணிக்கு நின்றார். மாடியில் பேசிக்கொண்டிருந்தது நான்கே போன்கள். ஆனால் கையிலிருந்த திரையில் குரல் வரிசை பிதுங்கி வழிந்தது. யாரோ குரல் வேஷம் கட்டிக்கொண்டு முதல் வரிசைக்குள் புகுந்திருக்கிறார்கள். கண்காணிப்பு கேமராக்களைக் கவனிக்கிறவர்தான் என்று அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. படம் திக்குகிறது என்று ஆறு மாதமாக மூக்கால் அழுகிறவர். நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டுவிட்டார்.

"என் கேமரா வயர்ல ஓடுது. அந்த வயரை இழுத்ததே நீங்கதான்" என்றார் அவர், தலையைக்கூடத் திருப்பாமல்.

அக்கா திரும்பி வந்து, யாரை எந்த வரிசையில் விடுவது என்று தான் போட்ட விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தார். பதினேழாவது விதியில் நின்றார். மூன்று மாதத்துக்கு முன் பெரிய டாக்டரின் வீடியோ வகுப்பு உறைந்து போனது. வாயைத் திறந்தபடியே தன் முகம் நிற்கிறது என்று அவர் குறைபட்டுக்கொண்டார். ஒரு வாரத்துக்கு மட்டும் என்று அவரை முதல் வரிசையில் ஏற்றியது அக்காதான். அவருடைய டேப்லெட்டுக்கு மட்டும் போட வேண்டிய விதியை, அவசரத்தில் அவருடைய வகுப்பு இணைப்பு முழுவதற்கும் போட்டிருந்தார். இப்போது தினமும் பத்து மணிக்குப் பன்னிரண்டு மாணவர்கள் அதே இணைப்பில் வீடியோ ஓடவிட்டபடி அவர் பின்னால் வார்டு வார்டாகப் போகிறார்கள்.

ஒரு பொத்தானை அழுத்தினால் விதி போய்விடும். யாருக்கும் தெரியாது. விரல் அதுவரை போயும் விட்டது. ஆனால் அழித்துவிட்டால் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. வெறும் வாய்ப்பேச்சை நம்புகிற ஆள் அந்தக் கட்டடத்திலேயே கிடையாது, தன்னையும் சேர்த்து. அப்படியே விட்டுவைத்தார்.

நாலு மணி விசாரணையில், பெரிய டாக்டரிடம் நடந்ததைச் சொன்னார்.

மேட்ரன் அக்காவையும் நர்சையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் பேசி வெச்சுட்டு வந்திருக்கீங்களா?"

அக்காவுக்குக் கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் இருந்தால் தானும் அதையேதான் கேட்டிருப்பார். விதியை எடுக்காமலே, மாணவர்களை மூன்றாம் மாடிக்கு அனுப்பி டேப்லெட்டுகளில் வீடியோவை ஓடவிடச் சொன்னார். பெரிய டாக்டர் நர்சின் போனை வாங்கிக்கொண்டு கூடவே ஏறிப்போனார். மேட்ரன் கீழேயிருந்து பேசினார். ஐந்து நிமிடத்தில் டாக்டர் இறங்கி வந்தார்.

"பாதிதான் கேட்டுது. அப்புறம் கட்டாயிடுச்சு" என்றவர், அக்காவைப் பார்த்தார். "நான் கேட்டதாலதானே போட்டீங்க?"

"கேட்டது நீங்க சார். தப்பாப் போட்டதும், எடுக்காம விட்டதும் நான்."

அவர் போனை நர்சிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு மேட்ரனிடம், "இவளுக்கு எழுதி வெச்ச மெமோவுல பேரை மாத்துங்க" என்றார்.

அக்கா அந்த மெமோவில் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு, மேசைக் கணினியைத் திறந்து விதியை எடுத்தார்.

"நிஜமாவே எடுத்தாச்சா?" என்று மேட்ரன் எட்டிப் பார்த்தார்.

அக்கா திரையை அவர் பக்கம் திருப்பினார்.