அப்பாவின் காது

என் அப்பாவிடம் நான் ஒரு பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லால் அவர் ஒன்பது வருடம் பூசையில் நற்கருணை அப்பம் வாங்காமல் இருந்தார். வாங்காமலே செத்தும் போனார்.

இதை எவரிடமும் சொன்னதில்லை. பாவசங்கீர்த்தனத்தில்கூட... சின்னச் சின்னப் பாவங்களைச் சொல்லிவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். உங்களிடம் சொல்வதற்குக் காரணம், நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்பதுதான். அதுவும் கோழைத்தனம்தான், தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில், புளத்கொகுபிட்டிய ஊருக்கு மேலே இருக்கிறது. அப்பா முப்பது வருடம் பெக்டரியில், கொழுந்து அரைக்கிற மெஷின் பக்கத்தில் நின்றவர். அந்த இரைச்சலில் காது போய்விட்டது. காதோடு வாய் வைத்து நான் பேசினால் மட்டும் கேட்கும். ஊர் சொல்வதையெல்லாம் நான்தான் அவருக்குச் சொல்வேன்.

என் தம்பி அந்தோனி ஒரு மழை நாளில் பஸ்ஸுக்கு நின்றபோது, ஒரு வேன் சறுக்கி வந்து அடித்தது. அங்கேயே உயிர் போய்விட்டது. வேனை ஓட்டியவன் சமிந்த, சிங்களவன், தம்பியின் வயதுக்காரன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாள், சமிந்த தன் அம்மாவோடு எங்கள் லயத்து வீட்டுக்கு வந்தான். கையில் வெற்றிலைக் கட்டு. சாவு விழுந்த வீட்டு வாசலில் சிங்களவர் அப்படி வந்து நின்றால் மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாசலைத் தாண்டி வரப் பயந்து, தண்ணீர் ஓடுகிற கானுக்கு அந்தப் பக்கமே நின்று அழுதான். மன்னிப்புக் கேட்டான். அவன் அம்மா என்னைக் கும்பிட்டாள்.

நான் உள்ளே போனேன். வாசலிலிருந்து வருவதைக் கட்டிலில் இருந்த அப்பா பார்த்துவிட்டார்.

"யாரும்மா வந்திருக்கிறது?"

"அந்த வேன்காரன்ப்பா."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "மன்னிப்புக் கேட்டா வந்திருக்கான்?"

"இல்லப்பா. கேஸை முடிச்சுக்கச் சொல்றான்."

ஏன் சொன்னேன்? அப்பாவை எனக்குத் தெரியும். அவன் அழுவதைக் கண்டால் தோளைப் பிடித்து உட்கார வைத்து, என்னையே தேத்தண்ணி ஊற்றச் சொல்லியிருப்பார். என் தம்பி மண்ணுக்குள்ளே... அவனைக் கொன்றவனுக்கு என் கையால் தேத்தண்ணியா! வெளியே வந்து சிங்களத்தில் சொன்னேன்: அப்பாவுக்கு உன் முகத்தைப் பார்க்கவே இஷ்டமில்லை, இனி வராதே. அவன் வெற்றிலையைக் கானோரம் வைத்துவிட்டுப் போனான். நான் அதைக் காலால் தள்ளிவிட்டேன்.

லூக்கா நற்செய்தியில் ஒரு பகுதி அப்பாவுக்கு மனப்பாடம். ஒரே நாளில் ஏழு தடவை தப்புச் செய்தவன் ஏழு தடவையும் மனம் வருந்தி வந்தால், ஏழு தடவையும் மன்னிக்கச் சொல்கிற இடம்.

"அவன் ஒரு தடவை வந்தாக்கூடப் போதும்மா" என்பார். "கேக்காதவனுக்கு எப்படிக் குடுக்கிறது? மனசு வர மாட்டேங்குதே."

அந்த மனதோடு நற்கருணை வாங்கக்கூடாது என்று அவரே முடிவு செய்துகொண்டார். பூசையில் எல்லாரும் எழுந்து போக, அவர் மட்டும் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருப்பார். நான் அவரைத் தாண்டிப் போய் வாங்கிக்கொண்டு வருவேன். ஒன்பது வருடம்! எப்படி முடிந்தது என்னால்?

போன வருடம் அப்பா விழுந்து படுக்கையானார். அதற்குள் கண்ணிலும் புரை. ஆஸ்பத்திரியில் சேர்த்த இரண்டாம் நாள் காலை, பிளாஸ்க்கில் கஞ்சி கொண்டு போனேன். வார்டு அட்டெண்டன் ஒருவன் அப்பாவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தான், விரலிடுக்குக்கூட விடாமல். நிமிர்ந்தான்.

சமிந்த.

அவன்தான் முதலில் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினான்.

"அக்கா, நான் யாருன்னு அப்பாவுக்குச் சொல்ல வேணாம். கோவம் வரும். அப்புறம் தொட விட மாட்டார்."

என் பொய்யை அவன் ஒன்பது வருடமாக நம்பிக்கொண்டிருந்தான்! அது எனக்கு வசதியாகவும் போயிற்று. நன்றி என்று மட்டும் சொன்னேன்.

"நம்ம வேலைதானே அக்கா" என்றான்.

பணிவிடை எல்லாம் செய்து முடித்த பிறகும், கடமையைத்தான் செய்தோம் என்று சொல்லுங்கள்... அப்பாவின் அந்தப் பகுதி அப்படித்தான் முடிகிறது. சமிந்த பௌத்தன், அதை வாசித்திருக்க மாட்டான். வாசித்தவள் நான்.

அப்பா தடவித் தடவி அவன் கையைப் பிடித்தார். "யாரும்மா இந்தத் தம்பி? கை பதமா இருக்கு."

அவர் காதில் வாய் வைத்தேன். "ஆஸ்பத்திரி ஆளுப்பா."

"நல்லா இருக்கணும் மகன்" என்று அவன் தலையைத் தொட்டார்.

நான்காம் நாள் பங்குச் சாமியார் வந்தார்; அப்பாவின் காதில் சொன்னேன். எண்ணெய் பூச அப்பா நெற்றியைக் காட்டினார். நற்கருணைக்கு வாயைத் திறக்கவில்லை.

"வேணாங்க சாமி. நான் இன்னும் அவனை மன்னிக்கல. கேட்டு வந்திருந்தா குடுத்திருப்பேன். அவன் வரவே இல்ல."

கட்டிலின் மறுபக்கம், கையில் தண்ணீர்ப் பேசினோடு சமிந்த நின்றிருந்தான். நான் பொய் சொன்னது அவனுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தான். வாயைத் திறந்தான்... மூடிக்கொண்டான். என்னைக் காட்டிக் கொடுக்காமல் வெளியே போனான்.

என் வாய்க்கும் அப்பாவின் காதுக்கும் ஒரு சாண் தூரம். குனிந்தேன். உங்களிடம் எதை மறைக்க? சொல்லத்தான் குனிந்தேன்.

"தலகாணியைச் சரி பண்ணவாப்பா?" என்று கேட்டேன்.

மறுநாள் மத்தியானம் அப்பா போய்விட்டார். சமிந்தவை நான் இன்றுவரை போய்ப் பார்க்கவில்லை.

சாமியார் வராத ஞாயிறுகளில் எங்கள் தோட்டத்துக் கோயிலில் செபத்தை நான்தான் நடத்துகிறேன். போன ஞாயிறு அந்த லூக்கா பகுதி வந்தது. ஏழு தடவை மன்னிப்பு, கடுகளவு நம்பிக்கை, கடமையைச் செய்த ஊழியர்... வாசித்து முடித்தேன். விளக்கம் சொல்ல நிமிர்ந்தபோது, அப்பா உட்காருகிற வாங்கு கண்ணில் பட்டது. குரல் நின்றுவிட்டது.

பக்கத்து லயத்து மரியக்கா தண்ணீரோடு எழுந்து வந்தாள்.

"அப்பா ஞாபகம் வந்துருச்சா புள்ள? அழுவாத. ஒன்னைப் போல அப்பனைப் பார்த்துக்கிட்ட மக இந்தத் தோட்டத்துலயே இல்ல."

கோயிலில் இருந்த எல்லாரும் தலையாட்டினார்கள்.

நானும் ஆட்டினேன்.