கேள்விக்காரர் உளறியது

தெருவில் எல்லாரும் அவளைக் கண்ணாடிக்காரி என்றுதான் சொல்வார்கள். ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்துத் தரும் கடை அவளுடையது. புருஷன் வீடு வீடாகப் பொருத்தப் போவான், இவள் அறுப்பாள். அளவைத் தப்பாக எடுத்துவந்து நிற்பவனை நாலு பேர் முன்னால் வறுத்தெடுத்துவிடுவாள்.

ஆனால் அவள் உள்ளபடியே வெறுத்தது ஒரே ஒரு ஆளைத்தான். கேள்விக்காரரை. மனநோய் உள்ளவர்களின் பிள்ளைகள் வளர்ந்து என்ன ஆகிறார்கள் என்று காலமெல்லாம் பின்தொடர்ந்து பார்க்கும் ஆராய்ச்சி ஒன்றின் ஆள் அவர். அவள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது, டீச்சர் கேட்டாரே என்று அம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். அன்று பிடித்த சனி. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்துவிடுவார். தூக்கம் வருகிறதா, கோபம் வருகிறதா, ஆள் இல்லாதபோது குரல் கேட்கிறதா. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக் கூடத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டார். அப்புறம் மாமியார் இவளை அடுப்பங்கரையில் தனியாக விடவே யோசித்தாள்.

இதில் அதிகம் பட்டது அம்மாதான். பெற்றவர்களுக்கு மனசு சரியில்லாத பிள்ளைகளைத்தான் இவர்கள் பார்க்க வருவார்கள் என்று சின்ன வயசில் எதிர்வீட்டு அத்தை போட்டு உடைத்தாள். அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்திருந்தார். மிச்சம் இருந்தது அம்மா. அன்றிலிருந்து மகள் அவளை வேவு பார்த்தாள். அம்மா கத்தினால் "ஆரம்பிச்சுடுச்சு" என்பாள். அழுதாலும் அதையேதான் சொல்வாள். "எனக்கு ஒண்ணும் இல்லடி" என்று அம்மா சொன்னதையும் நோய் என்றே நினைத்தாள். தனக்கு மகள் பிறந்தபோது குழந்தையை அம்மா மடியில் போட மறுத்துவிட்டாள். அம்மா நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். பேத்தியை ஒரு நாளும் தூக்காமலே போன வருஷம் இவள் அண்ணன் வீட்டில் செத்துப்போனாள்.

இந்தத் தடவை கேள்விக்காரர் அந்தப் பேத்திக்காக வந்தார். அடுத்த தலைமுறையையும் சேர்க்கிறார்களாம். கூப்பிடாமலே கடைக்குள் வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என் பெண் மேல் அந்த முத்திரை விழாது, நடையைக் கட்டுங்கள் என்றாள் அவள். ஆராய்ச்சியில் எந்தக் குடும்பம் எந்தப் பக்கம் என்று குடும்பத்தாரிடம் மூச்சுவிடக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஓய்வு பெறப்போகிற மனுஷன், ஒரு பிள்ளையையாவது சேர்த்துவிட்டுப் போகும் அவசரத்தில் அதை மறந்துவிட்டார்.

"நீ எதுக்கும்மா பயப்படுற? நோய் இருக்கற குடும்பம் ஒரு பக்கம், இல்லாத குடும்பம் ஒரு பக்கம்னு வெச்சு ஒப்பிட்டுப் பாக்கறோம். நீ நோய் இல்லாத பக்கம். உங்கம்மா நல்லா இருந்தாங்கன்னுதானே உன்னைச் சேத்ததே."

அறுத்துக்கொண்டிருந்த கண்ணாடி கோடு விலகி உடைந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"இது எங்கம்மாவுக்குத் தெரியுமா?"

"யாருக்கும் சொல்லக்கூடாதும்மா." அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "நான் சொன்னதையும் யார்கிட்டயும் சொல்லிடாத. பென்ஷன்ல கை வெச்சுடுவாங்க."

இத்தனை வருஷம் இந்த ஆள்மேல் வளர்த்த ஆத்திரம் மொத்தமும் திரும்பி அவள்மேலேயே விழுந்தது. அது பொறுக்க முடியாததாக இருந்தது.

"யார்கிட்ட சொல்ல?" என்றாள். "எங்கம்மா ஒருத்திகிட்டதான் சொல்லணும். எந்திரிச்சு வெளிய போங்க."