ஏட்டம்மா சொல்லாமல் வைத்திருந்தது

செங்கல்பட்டுப் பிணவறையில் அண்ணனின் உள்ளங்கால்களைத்தான் முதலில் பார்த்தேன். கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, தோல் வெடித்திருந்தன. முகத்துத் துணியை விலக்க எனக்குத் துணிவில்லை, அம்மாதான் விலக்கினாள். புதுப்பட்டினத்தில் யாருடைய படகு இன்ஜினோ காணாமல் போனதற்கு, கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவனை முந்தின நாள் போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போயிருந்தார்கள். நெஞ்சுவலியில் செத்தான் என்று காவல் நிலையத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

அந்த நிலையத்தில் வேலை பார்த்த ஏட்டம்மா சாட்சிக் கூண்டில் ஏறும்வரை, கொலையைப் பார்த்தவர் என்று யாருமே இல்லை. நடுங்காத குரலில் அவர் சொன்னார்: “ரெண்டு பேரு கால அமுக்கிப் புடிச்சிக்கினாங்க. இன்ஸ்பெக்டரு இரும்புக் குழாயால அடிச்சாரு. அது வளைஞ்சதும் வேற எடுத்தாரச் சொன்னாரு. கதவாண்ட காவலுக்கு நான்தான் நின்னேன்.” ஏன் தடுக்கவில்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். “பயந்துட்டேன்” என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை வெறுத்தேன். நின்று கேட்டுக்கொண்டிருந்தவள்தானே இவளும்!

மறுவாரம் கல்பாக்கம் சாலையில் அவருடைய ஸ்கூட்டரை இடித்துத் தள்ளி, கட்டையால் வாயிலேயே அடித்தார்கள். மிச்சக் குறுக்கு விசாரணைக்கு முன்பல் இரண்டும் இல்லாமல் வந்து, அதையேதான் திரும்பச் சொன்னார். ஆனால் நீதிமன்றத்தில் எங்களைப் பார்த்தால் விறுவிறுவென்று விலகிப் போய்விடுவார். திமிர் என்று நினைத்தேன்.

கீழ்க்கோர்ட்டில் தண்டனை, மேல்முறையீட்டில் எல்லோருக்கும் விடுதலை. அம்மா விடவில்லை, வழக்கு டெல்லிக்குப் போனது. ஒன்பதாவது வருடம் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்து, கீழ்க்கோர்ட் தண்டனையை உறுதி செய்தது. தன் தவறையும் மறைக்காத சாட்சி பொய் சொல்ல வேண்டியதில்லை என்று தீர்ப்பில் இருந்ததாக வக்கீல் போனில் சொன்னார்.

மறுநாள் காலை ஏட்டம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

“இப்ப இன்னாத்துக்கு வந்த?” என்றாள் அம்மா.

“முன்னாடியே வந்திருந்தா, நீங்க சொல்லிக் குடுத்து பேசறேன்னு கேஸையே ஒடைச்சிருப்பாங்கம்மா. ஒரு சேதி கீது. கோர்ட்ல யாரும் அத கேக்கல.” அவர் குரல் அன்றுதான் நடுங்கியது. “கதவாண்ட நின்ன என்னப் பாத்து, ‘அக்கா, நான் திருடலன்னு எங்கம்மாவாண்ட சொல்லு’ன்னாரு. அப்புறம் பேசல.”

அம்மா அவரை ஓங்கி அறைந்தாள். ஏட்டம்மா தடுக்கவில்லை. இன்னொரு கன்னத்திலும் விழுந்தது.

“எம்புள்ள திருட மாட்டான்னு எனக்குத் தெரியாதாடி?” என்று கத்தியவள், அடித்த கையாலேயே அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஒன்பது வருடத்தில் அம்மா அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இப்போதும் அண்ணன் இறந்த நாளில் ஏட்டம்மா வருகிறார். அம்மா மீன் குழம்பு வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறுகிறாள். தண்ணீர் கொண்டு வைப்பது நான். அவரை “அக்கா” என்று கூப்பிட மட்டும் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.